பட்டில் உரசிப் பார்த்து வாங்கிய கையுறை

என் மகன் சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, சாப்பிட உட்காரும்போது அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு விரல்களைப் பார்க்கத் தொடங்கினேன். பட்டு நூல் சிட்டங்களை, அதாவது நூல்கட்டுகளை, கொதிக்கும் சாயத்தில் முக்கித் திருப்புகிற வேலை. உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கும். சோற்றில் ரசம் விட்டதும் கையை ஒரு கணம் தூக்கிக்கொள்வான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான். ஆபீஸ் வேலை கிடைக்காமல்தான் போனான். போன பிறகு பிடித்துவிட்டது. அரக்கு நிறம் நன்றாக இறங்கிய நாளில் வீட்டில் வேறு பேச்சே இருக்காது.

கையுறை வாங்கித் தருகிறேன் என்று நான்தான் பிடிவாதமாக அவனைச் சென்னைக்கு அழைத்துப்போனேன். கடைக்காரர், முழங்கை வரை வரும் கறுப்பு ரப்பர் கையுறையை எடுத்துப் போட்டார். தடிமனாக, மேலெல்லாம் சொரசொரப்பாக இருந்தது. மகன் தயங்கினான்.

"கை தப்பிச்சிக்கும்மா. நூலு இதுல மாட்டிக்கினு அறுந்துச்சின்னா மேஸ்திரி என்னைத்தான் கேப்பாரு."

பட்டு நெய்கிற எங்கள் ஊரில் வளையலானாலும் மோதிரமானாலும் பட்டில் உரசிப் பார்த்துத்தான் வாங்குவோம். இழையை இழுத்தால் வேண்டாம் என்று வைத்துவிடுவோம். நான் யோசிக்கக்கூட இல்லை. கட்டியிருந்த பட்டுப்புடவையின் தலைப்பை அந்தக் கையுறைமேல் தேய்த்தேன். இழுத்தது. பக்கத்தில் மணிக்கட்டோடு முடிகிற மெல்லிய சிவப்புக் கையுறை இருந்தது. அதில் தலைப்பு வழுக்கிக்கொண்டு போனது.

"கைக்கு வாங்கறீங்களா, பொடவைக்கு வாங்கறீங்களாம்மா?" என்றார் கடைக்காரர்.

நாங்களும் சிரித்தோம். சுடுதண்ணீர் வேலைக்கு நீளமானதுதான் நல்லது என்று அவர் மறுபடியும் சொன்னார். நான் சிவப்பையே கட்டித் தரச் சொன்னேன்.

சில வாரங்கள் அவன் கை ஆறிக்கொண்டு வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு ஒரு காலையில், அண்டாவில் மேலே மிதந்த சிட்டத்தை அழுத்தும்போது, வலது கையுறையின் வாய் வழியாகக் கொதிக்கும் சாயம் உள்ளே இறங்கிவிட்டது. இழுத்தால் கழலவில்லை; நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்தவர்கள் கத்தியால் கிழித்து எடுத்தார்கள். வெறுங்கையாக இருந்திருந்தால் உதறிவிட்டிருப்பான் என்று மேஸ்திரி ஆஸ்பத்திரியில் சொன்னார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வார்த்தையை இன்னும் என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. போன வாரம் அவன் மறுபடியும் பட்டறைக்குப் போகப்போவதாகச் சொன்னான். வேறு வேலை பார்க்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். சரி, நல்ல கையுறையாகப் பார்க்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

"நீ வராதம்மா. நானே பாத்து வாங்கிக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மறுநாள் அவனே சென்னைக்குப் புறப்பட்டான். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான்.