நான்கு லோச் குஞ்சுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் கரமனையில் ஒரு மாடி அறையில் நானும் இன்னொருவரும் தங்கியிருந்தோம். நான் ஓர் அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். அவர் திருநெல்வேலிக்காரர், தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சப்ளையர்.

அந்த அறையில் எனக்கிருந்த ஒரே ஆடம்பரம் ஒரு கண்ணாடித் தொட்டி. கிழக்கேகோட்டையில் வண்ணமீன் விற்கும் கடைக்குக் கல்கத்தாவிலிருந்து லோச் குஞ்சுகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நம் அயிரைக்கு ஒன்றுவிட்ட உறவு. அதே மீசை, அடித்தரையில் மேய்கிற அதே பழக்கம். உடம்பில் மட்டும் வெள்ளியின் மேல் கறுப்புப் பட்டைகள். முக்கால் மணி நேரம் குனிந்து நின்று, பட்டை உடையாமல் முதுகிலிருந்து வயிறுவரை நேராக இறங்கிய நான்கு குஞ்சுகளைப் பொறுக்கினேன்.

“பெண்ணு காணானா சாரே வந்தது?” என்று, பெண் பார்க்க வந்தவனைக் கேட்பதுபோல் கடைக்காரர் சிரித்தார்.

அறைக்கு வந்ததும் ஒவ்வொன்றின் பட்டைகளையும் பென்சிலால் வரைந்து வைத்தேன். தொழில் பழக்கம்.

அடுத்த மாதம் என்னைப் பயிற்சிக்காக எர்ணாகுளத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து மாதம். மீன்களுக்கு இரை போடுவதை அறைத்தோழர் ஏற்றுக்கொண்டார்.

திரும்பி வந்தபோது தொட்டி சுத்தமாக இருந்தது. மீன்களும் நான்குதான். ஆனால் நேர்ப்பட்டை ஒன்றுகூட இல்லை. நடுவில் பிளந்து, சில இடங்களில் கவட்டை போல் விரிந்து, இடையிடையே புள்ளி விழுந்திருந்தது. படத்தைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

“செத்துப்போச்சுன்னா சொல்லியிருக்கலாமே. எதுக்கு வேற வாங்கி விட்டீரு?” என்றேன்.

அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். “நான் எதுக்கு வே மாத்தணும்? அதே மீனுதான்.”

“படம் இருக்கு. பாரும்.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அந்த வாரமே பெட்டியை எடுத்துக்கொண்டு ஹோட்டல் ஆட்கள் தங்கும் இடத்துக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. நியாயம் என் பக்கம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் புழு வாங்கப் போனபோது கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் உள்ளே கூட்டிப்போய் ஒரு தொட்டியைக் காட்டினார். போன வருஷத்து லோச்சுகள். உடம்பெல்லாம் வலை பின்னியதுபோல் இருந்தது.

“வளரும்போது பட்டை பிரியும் சாரே. குஞ்சில கண்டது நிக்காது.”

அன்று மாலையே ஹோட்டலுக்குப் போனேன். கூட்ட நேரம். என் மேஜையைத் துடைக்க அவர்தான் வந்தார்.

“தப்பு என் மேலதான். மீனு மாறல. கோடுதான் மாறியிருக்கு” என்றேன்.

மேஜையை முழுதும் துடைத்து முடித்தார். “அஞ்சு மாசம் தெனமும் பாத்தவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார். பிறகு, “சாப்பிடுதீரா?”

தோசை சொன்னேன்.

அவர் அறைக்குத் திரும்பி வரவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போவார். பேச்சு அதிகம் இருக்காது. அடுத்த வருஷம் ஊரோடு போய்விட்டார். கடிதம் எதுவும் வரவில்லை. நானும் எழுதவில்லை.