கார்பன் பிரதி

அப்போது நான் மைசூரில் ஆய்வு மாணவி. மகளுக்கு ஒன்றரை வயது. தேசத்தின் சினிமா என்று எதைச் சொல்கிறோம், அதில் தன்னைக் காண்கிறவர் யார் என்பது என் ஆய்வு. படம் விட்டு வருகிறவர்களை நிறுத்திப் படிவம் நிரப்புவேன். பெயர், தெரு, தாய்மொழி, பிறகு கேள்விகள். தெரு எதற்கு என்று அப்போதே ஒரு தயக்கம் இருந்தது. மறுபடி தேடிப்போக வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

தியேட்டர் மேனேஜர் ஒரு நிபந்தனையோடுதான் அனுமதித்தார்: கார்பன் வைத்து அவருக்கும் ஒரு பிரதி. எந்த மொழிப் படம் போடலாம் என்று பார்த்துக்கொள்வாராம்.

தியேட்டருக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த, ஹனூர்ப் பக்கத்துத் தமிழரான கட்டட மேஸ்திரி ஒருவர், "பொஸ்தகத்துல எம்பட பேரு வருமுங்களா?" என்று கேட்டு, எழுதியதைச் சரிபார்த்த பிறகே நகர்ந்தார்.

காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் வெடித்த அன்று, தமிழர் வீடுகளைத் தேடி அடிக்கிறார்கள் என்று காலையிலேயே செய்தி வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்தபடி படிவங்களை வெந்நீர் அடுப்பில் திணித்தேன். கடைசித் தாள் கருகும்போதுதான் மேனேஜரிடம் இருந்த பிரதிகள் நினைவுக்கு வந்தன.

மகளைப் பக்கத்து வீட்டுக் கன்னட அக்காவிடம் கொடுத்தேன்.

"ஹுச்சி! பைத்தியமா ஒனக்கு? கைக்கொழந்தைய விட்டுட்டு எங்க போற?" என்று கத்தினார். பிறகு, "போனா தமிழ்ல வாயே தெறக்காதே" என்றார்.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கொடுப்பவரின் தலையைக் கவுன்டர் கம்பியில் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு கைதட்டல். மேனேஜரின் பீரோ முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. காகிதங்களை நெருப்பில் வீசினார்கள். எல்லாம் எரிந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒருவன் மட்டும் ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தான். நீல மசியில் என் கன்னடக் கையெழுத்து.

"லே, இல்லி நோடு! இங்க பாரு, தமிழ். பக்கத்துத் தெருவுலயே இருக்கான்!"

பாய்ந்து பிடுங்கியிருக்கலாம். யார் நீ என்று ஒருவன் கேட்டபோது, சுத்தமான கன்னடத்தில், வேடிக்கை பார்க்க வந்தேன் என்றேன். மகளுக்காக என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். பயம்தான் என்றும் தோன்றுகிறது.

குறுக்குச் சந்து வழியாக மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் முந்திவிட்டார்கள். கதவு பெயர்ந்து கிடந்தது. மேஸ்திரியின் வலது கையைத் துவைக்கிற கல்லில் நீட்டிப் பிடித்துக் கடப்பாரையால் அடித்தார்கள். இரண்டாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் தெருவரை கேட்டது. மூன்றாவதும் அடித்தார்கள். தடுக்க வந்த அவர் மனைவியை உதைத்துத் தள்ளினார்கள்.

ஊர் அடங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேஸ்திரிக்குத் தோள் வரை மாவுக்கட்டு.

"அம்மிணி, பொஸ்தகத்துல எம்பட பேரு வேண்டாமுங்க. எடுத்துருங்க."

"எடுத்துட்டேங்க."

"எத்தன தெரு இருக்குது. எங்கூட்ட மட்டும் எப்பிடிங்க கண்டுபுடிச்சானுங்க?" என்று அவர் மனைவி என்னைக் கேட்டார்.

"தெரியலைங்க" என்று சொல்லி, மேஸ்திரிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.