உள்ளங்கையில் லிஸ்பன்

பபேடானிலிருந்து கியாக்தான் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த புருவம், வெளுத்த லுங்கி, மடியில் திருநீற்றுப்பச்சிலைத் தொட்டி. செடியின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவுவார்; பிறகு அந்தக் கையை முகர்வார். ஒருமுறைகூடச் செடியருகே முகத்தைக் கொண்டுபோகவில்லை.

நான் போனில் பேசி முடித்ததும், "தமிழா தம்பி?" என்றார். பெரியவர்களை இங்கே பர்மிய மொழியில் அழைப்பதுபோல் நானும், "ஊலே, செடிய ஏன் நேரா மோந்து பாக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டேன்.

"லிஸ்பன்ல அப்படித்தான். ஜூன் மாசம் திருவிழா. தெருவெல்லாம் காகிதத் தோரணம், வாசலுக்கு வாசல் மத்தி மீன் சுடுவாங்க. பிரியமானவங்களுக்கு இந்த மாதிரிச் செடி குடுப்பாங்க. மூக்க வச்சா வாடிரும்னு கையிலதான் வாசம் பாப்பாங்க. ஜூன் வந்தா ஒண்ணு வாங்காம இருக்க முடியல."

"நல்லாச் சுத்திப் பாத்தீங்களா?"

"எங்க? நான் கப்பல்ல சமையக்காரன். மத்தவங்க இறங்கிப் போனாங்க, எனக்கு அடுப்புதான். மீன் புகையும் பாட்டும் மேல்தட்டு வரைக்கும் வந்துச்சு. கூட்டாளி ஒருத்தன் ஒரு தொட்டி வாங்கியாந்து குடுத்தான்."

"அது என்னாச்சு?"

"மூணாம் நாள் கடல்ல வாடிருச்சு. உப்புக் காத்துன்னு சொன்னாங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு தரம் மூக்க வச்சிட்டேன் தம்பி."

கியாக்தானில் மழை. குடையை விரிப்பதற்காகத் தொட்டியை என்னிடம் நீட்டினார். அவர் திரும்ப வாங்கும்வரை முகத்தைத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.