தண்ணி பைப்பு எல்போ

வெட்கக்கேடான சங்கதிகளைக்கூட என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். எனக்கு அந்த வரம் கிடையாது. எக்சாஸ் பைப்புக் கதையைச் சொல்லி அவர் ஊரையே சிரிக்க வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். மீதியை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த சமயம். தோட்டத்துத் துரைமார்கள் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு துரை தள்ளிவிட்டுப் போன கறுப்புக் காரை இவர் வாங்கி வந்து, காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நிறுத்தினார். அதுவரை லோரி ஓட்டியவர். இனி கல்யாண வண்டி ஓட்டப்போகிறேன் என்று ஒரே பெருமை. கார் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. எக்சாஸ் பைப்புதான் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்தால் பக்கத்துக் கம்போங் செட்டி நாய்கள் அத்தனையும் குரைக்கும்.

அதற்குள் முதல் சவாரியும் வந்துவிட்டது. பின் தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் பத்து பெரெண்டாம் பக்கம். பெண்ணைக் கோயிலுக்கு எங்கள் காரில் கூட்டிப்போக வேண்டும். இந்த ஒரு கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தேடி வரும், இதில் பெயர் கெட்டால் மறுபடியும் லோரிதான் என்று இவர் சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுப் பைப்புக்குக் கார்ப் பட்டறைப் போமன் சொன்ன விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. பழைய இரும்புக் கடையில் வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் என்று இவரை இழுத்துக்கொண்டு போனேன். இவரைத் தனியாக அனுப்பினால் கடைக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வருவார்.

கடையில் இரண்டு குவியல் கிடந்தது. ஒன்றில் பழைய லோரிகளிலிருந்து கழற்றிய எக்சாஸ் வளைவுகள், பெண்டு என்பார்கள். நீளமாக, மெதுவாக வளைந்திருந்தன. இன்னொன்றில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் எல்போக்கள். முழங்கையை மடக்கினாற்போல் சட்டென்று திரும்புகிறவை. பெண்டு விலையில் பாதிதான் எல்போ. பைப்பு பின்சக்கரத்து இருசின் மேல் ஏறி இறங்க வேண்டும், அதற்கு நீளப் பெண்டுதான் சரி என்று இவர் ஒன்றைத் தடவிக்கொண்டே நின்றார். நான் எல்போ குவியலில் கையை விட்டேன். அதில் மரை இருந்தது. திருகினால் போதும், வெல்டிங் கூலி மிச்சம்.

"ஏ புள்ள, அது தண்ணி பைப்புக்குப் போடறது. புகை இப்படிச் சடார்னு திரும்பாது. முட்டிக்கிட்டு நிக்கும்" என்றார்.

"புகைக்குக் கண்ணா இருக்கு, வளைவப் பாத்துப் பயப்பட? ஓட்ட இருந்தா அதுவா போயிடும்."

சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி, உள்ளே சொத்தை இல்லாததாகப் பொறுக்கினேன். கடைக்காரத் தவுக்கே என் சாமர்த்தியத்தை மலாயில் மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணத்தன்று பெண்ணின் அம்மா முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். துணைக்கு நான்தான் பின்சீட்டில் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேகமாக ஓடும்போது தெரியாத கோளாறு, நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது தெரிந்தது. கோயில் தெரு முனையில் திரும்பியதும், எல்போவில் முட்டிய புகை மரை இடுக்குகளில் கசிந்து, காரின் அடிப்பலகைச் சந்து வழியாகக் குபுகுபுவென்று மேலே வந்தது. கண்ணாடியை இறக்கியும் போகவில்லை. கோயில் வாசலில் பெண் இறங்கியபோது கண் சிவந்து, மை கன்னத்தில் வழிந்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா கையை உயர்த்தினார். நாதஸ்வரம் நின்றுவிட்டது.

"என்னம்மா அழுவுற? ஒனக்குப் புடிக்காத கல்யாணமா? எதுவா இருந்தாலும் ஒன் வாயால சொல்லு. இல்லன்னா நான் உள்ள வர மாட்டேன்."

பெண் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். இந்தக் கல்யாணம் நின்றால் எங்கள் வண்டியில் இனி எவன் ஏறுவான்? அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஐயோ, அது எங்க எக்சாஸ் புகைங்க ஐயா! நான்தான் காசப் பாத்துத் தண்ணி பைப்பு எல்போ வாங்கிப் போட்டுட்டேன். எங் கண்ணயும் பாருங்க!"

அவரைக் காருக்கருகே கூட்டிப்போய்க் குனிந்து பார்க்கவைத்தேன். "அலாமாக்! தண்ணி பைப்பு போட்டா கண்ணுல தண்ணிதான வரும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, மாப்பிள்ளையின் அப்பாவே சிரித்துவிட்டார். வாசலே குலுங்கியது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போய்விட்டது. ஆனாலும் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்.

தாலி ஏறியது. சாப்பாடு முடிந்து பெண் கைகழுவ வந்தபோது நான் குழாயடியில் நின்றிருந்தேன்.

"கண்ணு இன்னும் எரியுதாம்மா? எல்லாம் என்னாலதான்" என்றேன்.

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "புகை கோயில் தெரு திரும்புனதுக்கு அப்புறந்தான் வந்துச்சுக்கா. நான் வீட்டுலேருந்தே அழுதுகிட்டுத்தான் வந்தேன். வாசல்ல மாமா ஒருத்தருதான் என்னையக் கேட்டாரு."

கோபம்கூட இல்லை அந்தக் குரலில். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டிலிருந்து அவ்வளவு தூரமும் தோளோடு தோளாக உட்கார்ந்து வந்தவள் நான். காரில் போகும் என்னைத் தெருவில் யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் முகத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

இவர் எல்போக்களைக் கழற்றிவிட்டு நீளப் பெண்டுகளை வாங்கி வெல்டிங் வைத்துப் பூட்டினார். சிரித்தவர்களே வண்டி கேட்டு வந்தார்கள். தொழில் நன்றாகவே நடந்தது. பல கல்யாணங்களுக்கு நானும் துணைக்குப் போனேன். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். காரில் புகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் என்று ஒருத்தியிடமும் நான் கேட்டதில்லை.