ஹுன்னஸ்கிரிய துரையின் சேணம்

பழைய குதிரைச் சேணம் ஒன்று தைக்கத் தகுமா, எறியத் தகுமா என்று எதைப் பார்த்துச் சொல்வது? அன்று யாராவது கேட்டிருந்தால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன். கண்டி கட்டுக்கலைச் சாஹுல் ஹமீது விழித்திருக்கமாட்டார். தமக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். கதையே அங்கேதான் தொடங்குகிறது.

கண்டியில் முஸ்லிம் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் சாஹுல் ஹமீதுவின் வெள்ளைக் குதிரைதான் வரும். மோட்டார் கார் பெருகப் பெருக, மாப்பிள்ளைமார் குதிரையை மறந்து காரில் ஏறத் தொடங்கினார்கள். குதிரைக்குத் தீனி போடவே அவர் திண்டாடிய சமயத்தில், புடவைக்கடை மக்கீன் ஹாஜியார் தம் மகன் கல்யாணத்துக்குக் குதிரை கேட்டார்.

"ஆனா ஒண்டு, சாஹுல். உங்கட கோணிச் சேணத்துல எண்ட மகன் ஏறமாட்டான். துரைமார்ட சேணம் வேணும். இல்லாட்டி காருதான்."

இது போனால் குதிரையை விற்கவேண்டியதுதான். சாஹுல் ஹமீது ஹுன்னஸ்கிரியவுக்கு ஓடினார். சீமைக்குத் திரும்பவிருந்த தோட்டத் துரை ஒருவர் அங்கே தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். கிழிந்த சேணம் ஒன்று அகப்பட்டது. அதைத் தலையில் சுமந்து வந்து, வாசலில் இறக்கி, நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவே வைத்து நெரித்துப் பார்த்தார். கிரீச்சென்று ஒரு சத்தமும் இல்லை.

"உள்மரம் உடையல்ல, ருக்கியா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "மரம் நல்லா இரிந்தா மத்ததெல்லாம் ஊசி வேலதான்."

அடுத்த வீட்டுத் தேவராசா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தவர், கந்தோரில் கிளாக்கர்.

"மரத்தைப் பாத்தீங்கள் நானா, தோலைப் பாத்தனீங்களோ?"

"தோலுக்கு என்ன?"

"மயிர்க்குழி மூண்டு மூண்டாக் கிடக்குது. உது பண்டித் தோல். எங்கட கந்தோர்த் துரை தன்ர சேணமும் உதே தோலெண்டு காட்டிப் பெருமையடிச்சவர்."

பன்றித் தோல் என்றதும் சாஹுல் ஹமீது எட்டக் குதித்தார். கை தானாகத் தலைக்குப் போய், பாதியில் நின்றது. "யா அல்லாஹ்! தலையில வெச்சுக் கொண்டு வந்தேனே!"

ருக்கியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தலையக் கழுவலாம். மரம் என்ன பண்டியா? தோல உரிச்செறிஞ்சி, மரத்த ஏழு தரம் கழுவி, நம்மட மாட்டுத் தோலப் போட்டா முடிஞ்சிச்சு."

"உரிக்கிறது யாரு?"

இருவரும் வேலியைப் பார்த்தார்கள்.

"கண்டுபிடிச்ச கண் உங்கட, தம்பி. கையும் உங்கடயா இரிக்கட்டுமே" என்றார் ருக்கியா.

"ஐயோ, நான் சைவக்காரன்! முட்டைகூடத் தொடன்!"

"தின்னவா சொல்றோம்?"

தேவராசா மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு உரித்தார். உள்ளே அடைத்திருந்த பஞ்சும் குப்பைக்குப் போயிற்று. மார்க்க முறைப்படி ஏழு தரக் கழுவலில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீர். பிறகு தேங்காய்த் தும்பு அடைத்து, புதுத்தோல் போட்டு, சாஹுல் ஹமீதுவே இரட்டைத் தையல் போட்டார்.

கல்யாணத்தன்று மக்கீன் ஹாஜியார் சேணத்தைத் தடவினார். முகம் சுருங்கியது.

"துரைட சேணம் எண்டீங்க. இது நம்மட ஊர்த் தோல்தானே! என்னய ஏமாத்துறீங்களா? டேய், காரக் கொண்டு வாங்கடா!"

சாஹுல் ஹமீது ஹாஜியாரின் காதோடு காதாக ஏதோ சொன்னார். ஹாஜியாரின் கண்கள் முதலில் சேணத்துக்கும் பிறகு வானத்துக்கும் போயின.

"காரு வேணாம்!" என்று கத்தினார். "நம்மட ஊர்த் தோலுக்கு ஈடு இரிக்கா!"

மாப்பிள்ளை ஏறினார். றபான் முழங்கியது. ஊர்வலம் நகர்ந்தும் ஹாஜியார் மட்டும் நகரவில்லை. லண்டன் சாமான் என்று எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்ட தம் தோல் பேர்ஸைக் கோட்டுப் பையிலிருந்து மெல்ல எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

பக்கத்தில் தேவராசா. "மூண்டு மூண்டாக் கிடக்குதோ, ஹாஜியார்?"

ஹாஜியார் பேர்ஸை இரண்டு விரல் நுனியால் தூரப் பிடித்தார்.

"காசை வெளியில எடுத்துப்போட்டுப் பேர்ஸைத் தாங்கோ. எனக்குப் பழகின கைதானே."

அதன் பிறகு கண்டியில் எந்தக் கல்யாணப் பேச்சு வந்தாலும், "காரு என்னத்துக்கு? அதுட சீட்டு என்ன தோலோ! சாஹுல்ட குதிரையப் புடிங்க" என்று முதலில் சொல்பவர் மக்கீன் ஹாஜியார்தான். குதிரை கொழுத்தது.

வாசித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லுமுன் உங்கள் பேர்ஸை மட்டும் ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.