கடுவனை வண்டியேற்றிய நாள்

கேரள எல்லைக்குள் இருக்கும் வேலந்தாவளம் சந்தையில் மாடு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் எதைப் பற்றி வேண்டுமானாலும் சண்டை போடுவார்கள். விற்றுமுடிந்த மாட்டை யார் வண்டியில் ஏற்றுவது என்பதில் மட்டும் சண்டை வந்ததில்லை. மீனாட்சிபுரத்துக் குப்பண்ணன்தான் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் என்றால் வாலை முறுக்கி, கம்பால் இடித்து, மாட்டின் பரம்பரையையே இழுத்துத் திட்டித்தான் ஏற்றுவார்கள். குப்பண்ணனுக்கு ஓர் ஈரச் சாக்கும் ஒரு வாக்கியமும் போதும். சாக்கை மாட்டின் கண்மேல் போடுவார். கழுத்தைத் தடவிக்கொண்டே, "போலாங் கண்ணு, போலாம்" என்பார். மாடு பலகையில் கால் வைத்துவிடும்.

ஏறியதும் ஒரு காரியம் செய்வார். விற்றவருடைய தலைக்கயிற்றை அவிழ்த்துவிட்டு வாங்கியவருடைய கயிற்றைப் போடுவார். மாடு போகலாம், கயிறு போகக் கூடாது; கயிறும் சேர்ந்து போனால் வீட்டு லட்சுமியும் அதே வண்டியில் ஏறிவிடுவாள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. குப்பண்ணனுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு தடவைகூட அவிழ்க்க மறந்ததில்லை.

வாயில்லா ஜீவனைக் கைநீட்டி அடிக்காத மனிதர் என்று அவருக்குப் பெயர். அந்த அடிக்காத கையை நம்பி வண்டியேறிய எதுவும் ஊர் திரும்பவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் போகும் வண்டியில் செக்போஸ்ட் வரை தொற்றிக்கொண்டு வந்து, அங்கே குதித்து, டீ குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிடுவார். செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் மாடு என்ன ஆகிறது என்பது அவர் விஷயம் அல்ல.

முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது சந்தைக்குப் போவதை நிறுத்தினார். தன் வீட்டுக் கறவைகளையும் ஒவ்வொன்றாக அதே சாக்கைப் போட்டு ஏற்றி அனுப்பினார். கட்டுத்தரையில் மிஞ்சியவை ஆணியில் தொங்கிய கயிறுகளும், காலித் தொட்டியும், தொட்டிக்குள் படுத்துக் கிடந்த ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனையும்தான்.

"பூனை வளத்தறீங்களாட்ட இருக்குதுங்க" என்று யாராவது கேட்டால் குப்பண்ணனுக்குக் கோபம் வரும்.

"எங்கூட்டுல பூனையெல்லாம் இல்லீங்க. அது பாட்டுக்கு இருக்குது."

பாட்டுக்கு இருந்த அந்தப் பூனைக்காக, ஊருக்கே பால் ஊற்றிய மனிதர் காலையில் கடைக்குப் போய் பாக்கெட் பால் வாங்கினார். பேர் வைக்கவில்லை, கடுவன் என்றார். பக்கத்துத் தோட்டத்தில் எலிப்பொறி வைத்திருக்கிறார்கள், மாட்டினாலும் வீட்டுப் பூனை என்று தெரியட்டும் என்று அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டினார். வீட்டுப் பூனை இல்லை என்று சொன்னவரும் அவரேதான்.

அந்த வியாழக்கிழமை காலை மருமகள் யோகப்பிரியாதான் முதலில் கவனித்தாள். கடுவன் வாசல் மணலில் குந்துவதும், முக்குவதும், ஒன்றும் வராமல் வேறிடம் பார்த்துக் குந்துவதுமாக இருந்தது.

"மாமா, இது நேத்திருந்து ஒண்ணுக்கே போகலைங்க. வயித்தத் தொட்டா கல்லாட்ட இருக்குது."

உள்ளூர் மிருகாசுபத்திரிக்குப் போன் போட்டாள். மாட்டுக்கென்றால் உடனே வருவோம், இதற்குக் குழாய் போட்டு அடைப்பை எடுக்க வேண்டும், பொள்ளாச்சியில் பூனைகளுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள் என்றார்கள். பொள்ளாச்சி டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார்: மதியத்துக்குள் கொண்டுவாருங்கள், அதற்குமேல் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும், பிறகு என்னிடம் கொண்டுவந்தும் பிரயோஜனம் இல்லை.

யோகப்பிரியா தன்னோடு வேலை பார்க்கும் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் கூண்டை வாங்கிவந்தாள். முன்பக்கம் கம்பிக் கதவு, மேலே கைப்பிடி. குப்பண்ணன் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"சீமைக்காளையே ஏத்தியாச்சு. ரெண்டு பேரும் உள்ள போயி காப்பி வைங்க. நீங்க ஆத்தறதுக்குள்ள இவன் உள்ள இருப்பான்."

மனைவி சரஸ்வதியம்மாள் போகவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தெரியும்.

குப்பண்ணன் தெரிந்ததைச் செய்தார். ஆணியிலிருந்து சாக்கை எடுத்தார், வாளித் தண்ணீரில் நனைத்தார், பிழிந்தார். தாழ்ந்த குரலில், "போலாங் கண்ணு, போலாம்" என்றார்.

வயிறு கல்லாய் இறுகிக் கிடந்த பூனை ஒரே தாவலில் கூரைக்கடியில் வைக்கோல் அடுக்கும் அட்டாலியில் இருந்தது. பழைய வைக்கோலுக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஏனுங்க, அது மாடுங்களா?" என்றாள் சரஸ்வதியம்மாள். "நீங்க அந்தச் சாக்கை நனைக்கற போதெல்லாம் அது தொட்டிக்குள்ளருந்து பாத்துட்டுத்தான இருந்துச்சு. நம்ம லட்சுமிப் பசு போனப்பப் பாத்துச்சு, செவலைப் பசு போனப்பப் பாத்துச்சு. அதுக்குத் தெரியாதாக்கும்?"

குப்பண்ணன் சாக்கைத் திரும்ப ஆணியில் மாட்டினார். நனைந்த சாக்கிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததில் யாருக்கும் மரியாதை மிஞ்சவில்லை. கருவாட்டுத் துண்டைக் கூண்டுக்குள் வைத்தார்கள். அது மோந்துகூடப் பார்க்கவில்லை. யோகப்பிரியா போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, கூண்டை நிமிர்த்தி நிறுத்தி வால்பக்கமாக இறக்க வேண்டும் என்றாள். குப்பண்ணன் ஏணி போட்டு, வலிக்கிற முழங்காலோடு ஏறி, அதைப் பிடித்து இறக்கினார். கூண்டின் வாயருகே வந்ததும் கடுவன் நாலு காலையும் நாலு திசைக்கு விரித்து விளிம்பில் ஊன்றிக்கொண்டது. ஒரு காலை மடக்கினால் இன்னொன்று விரிந்தது. அவருடைய முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கோடு கோடாகக் கிழித்துவிட்டு மறுபடி அட்டாலிக்குப் போய்விட்டது.

வாசலில் ஆட்டோவோடு காத்திருந்த அப்புசாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்ணா, சந்தையில உங்க பேரச் சொன்னாலே காளை தானா ஏறிக்கும்பாங்க. இப்படியே போனா அது உங்கள அந்தக் கூண்டுக்குள்ள ஏத்திரும் போலிருக்குதுங்."

"அப்புசாமி, கம்முனு இருப்பா."

"நான் கம்முனுதாங் இருக்கறன். வெயிலுதான் ஏறுது."

வெயில் ஏறத்தான் செய்தது. யோகப்பிரியாவின் போன் அடித்தது. பொள்ளாச்சியிலிருந்து, கிளம்பியாச்சா என்று. அவள் மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டு, "கெளம்பிட்டோங்க டாக்டர்" என்றாள்.

குப்பண்ணன் ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்தார். கையிலிருந்து ரத்தம் படியில் சொட்டியது. வைக்கோலுக்குப் பின்னாலிருந்த கண்களைப் பார்த்தார். 'போலாம்' என்ற சொல் கெட்டுப்போயிருந்தது. வேறு சொல் அவரிடம் இல்லை. அக்கம்பக்கம் கேட்காத குரலில், "போயிட்டு வந்தர்லாம்டா" என்றார்.

எந்த மிருகத்திடமும் இதற்கு முன் அவர் அப்படிச் சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமில்லாததால் பொய் மாதிரி ஒலித்தது. பூனையும் நம்பவில்லை.

மதியம் நெருங்கும்போது வைக்கோலில் அசைவு நின்றது. குப்பண்ணன் கையை நீட்டினார். கடுவன் சீறவில்லை. தூக்கினார்; துவைத்துப் பிழியாத துணிபோலக் கையில் தொங்கியது. ஏணியிலிருந்து இறங்கி, கூண்டைப் படுக்கவைத்து, உள்ளே விட்டார். ஒரு காலைக்கூட விரிக்கவில்லை. கதவு சாத்திய சத்தத்துக்கும் திரும்பவில்லை.

"அட, ஏறிருச்சே" என்றான் அப்புசாமி. "கை ராசி எங்க போகும்?"

யோகப்பிரியாவுக்கும் முகம் மலர்ந்தது. சரஸ்வதியம்மாள் கூண்டின்மேல் ஒரு பழைய புடவைத் துணியைப் போர்த்தினாள். குப்பண்ணன் யாரையும் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினார். ஏற்றும்போது முரண்டு பிடிக்கும் மாட்டுக்கு விலை கூட்டிக் கொடு, தானாக ஏறும் மாட்டை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே என்று சந்தையில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். முரண்டு போனால் உயிர் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

கூண்டை மடியில் வைத்துக்கொண்டார். யோகப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். செக்போஸ்டில் அப்புசாமி வேகத்தைக் குறைத்தபோது குப்பண்ணனின் கால் பழக்கதோஷத்தில் இறங்கப் பார்த்தது. இழுத்துக்கொண்டார். ஏற்றிவிட்ட உயிரோடு அந்தச் செக்போஸ்ட் கம்பத்தைத் தாண்டுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

தாண்டியபின் முகத்தைத் துடைக்கச் சட்டைப்பையில் கைவிட்டார். கைக்குட்டையோடு சிவப்புக் கயிறு வந்தது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கூண்டுக்குள் விட்ட அந்த நொடியில், ஒரு கை கதவைப் பிடித்திருக்க, இன்னொரு கை கயிற்றை அவிழ்த்து எடுத்துப் பையில் போட்டிருக்கிறது. யாரும் சொல்லவில்லை. அவரும் நினைக்கவில்லை. கை செய்துவிட்டது.

"நிறுத்துப்பா."

"இங்கியுங்களா? நேரமாகுதுங்ணா."

"நிறுத்துன்னா நிறுத்து."

"என்னாச்சுங்க மாமா?" என்றாள் யோகப்பிரியா. கயிற்றைப் பார்த்ததும் அவளுக்கும் விளங்கிவிட்டது; அவளும் அந்த ஊர்ப் பெண்தான்.

குப்பண்ணன் கூண்டுக் கதவைத் திறந்தார். தப்பி ஓடிவிடும் என்று மூவரில் ஒருவரும் பயப்படவில்லை. பெருங்காளைகளுக்கு முடிச்சுப் போட்ட விரல்கள் அந்தச் சின்னக் கயிற்றில் தடுமாறின. கட்டிமுடித்து, கயிற்றுக்கும் ரோமத்துக்கும் நடுவே விரலை அப்படியே வைத்திருந்தார்.

"கடிடா" என்றார் மெதுவாக. "ஒருக்காக் கடி."

ஆட்டோ கிளம்பியது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். கடுவனை மேசையில் கிடத்தினார், வயிற்றை அமுக்கினார், ஈறைப் பார்த்தார். எதுவும் எதிர்க்காமல் கிடந்தது.

"பரவால்லியே, ரொம்ப சாதுவா இருக்குது" என்றார்.

குப்பண்ணன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, காய்ந்தும் காயாமலும் இருந்த கோடுகளை டாக்டர் முன்னால் நீட்டினார்.

"இவன் சாதுவே இல்லீங்க. இதப் பாருங்க. காத்தால பண்ணுனதுங்க இது."

டாக்டர் கையைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். உள்ளே தூக்கிக்கொண்டு போகும்போது, "பாக்கலாங்க" என்றார்.

வேலந்தாவளம் சந்தையில் மாட்டைச் சுற்றிவந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு 'பாக்கலாங்க' என்று போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்று குப்பண்ணனுக்கு நன்றாகத் தெரியும். அவர் காலிக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யோகப்பிரியா காயத்துக்கு மருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார்.