டிராம் கண்டக்டரின் மிரட்டல்

லஸ் முனையில் டிராம் திரும்பும்போது சக்கரம் தண்டவாளத்தில் உரசிக் கிறீச்சிடும். இப்போது அங்கே தண்டவாளமே இல்லை. ஆனாலும் சாயங்காலத்தில் அந்தப் பக்கம் போனால் என் காது அந்தச் சத்தத்தைத் தேடுகிறது. சத்தத்தைத் தொடர்ந்து ஒரு குரல் வரும். உண்மையில் தேடுவது அதைத்தான்.

“இன்னொரு தபா ஓடற வண்டில ஏறினே, காலை ஒட்ச்சி கைல குட்த்துடுவேன், வக்கீலு.”

அவன் டிராம் கண்டக்டர், மந்தைவெளிக்காரன். நான் சட்டம் படித்துவிட்டு மயிலாப்பூரில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். தினமும் ஹைகோர்ட்டுக்கு அவன் வண்டியில்தான் போவேன். மிரட்டாமல் அவனுக்குப் பேச வராது. கீரைக்காரியிடம், “கூடையோட தூக்கிக் கூவத்துல போட்ருவேன்” என்பான். சொல்லிக்கொண்டே அந்தக் கூடையைப் பதனமாக இறக்கிக் கொடுப்பான். பிடித்தவர்களுக்குப் பெரிய மிரட்டல். யாரிடமாவது மரியாதையாகப் பேசினால், அவரை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று பொருள்.

ஓய்வு நாட்களில் இருவரும் அடையாறு கடலில் சேருமிடம் வரை நடப்போம். மணலில் உட்கார்ந்து நான் கோர்ட்டில் நடந்ததைச் சொல்வேன். அவன் நீதிபதியைப் போல் நடித்துக் காட்டுவான். அப்படிச் சிரித்த சிரிப்பு பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

சுதந்திரத்துக்குச் சற்று முன்பு, பொது அமைதியைக் காக்க மாகாண அரசு ஒரு கடுமையான சட்டம் கொண்டுவந்தது. அமைதியைக் குலைப்பவன் என்று சந்தேகப்பட்டால் விசாரணையே இல்லாமல் சிறையில் வைக்கலாம். எங்கள் ஆபீசில் அதை முதலில் படித்தவன் நான். அதில் எனக்கு ஒரு பெருமை. மணலில் அவனுக்கும் விளக்கினேன்.

“இனிமே வாயை அடக்கிக்கோ. நீ மிரட்டினேன்னு யாராவது சொன்னாலே உள்ளே தள்ளிடலாம்.”

“அப்போ மொத்த மெட்ராசையும் உள்ள தள்ணும். ஜெயில்ல எடம் கீதா?” என்றான்.

சில வாரங்களில் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆதரவாக ஒரு நாள் கடைகளை மூடச் சொல்லி அவனும் வீதியில் இறங்கினான். மயிலாப்பூர்க் கோயில் குளத்தருகே திருநெல்வேலிக்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில் நான் துண்டு வாங்கிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தான்.

“அண்ணாச்சி, நாளைக்குக் கடைய தொறந்து பாரு. உள்ள துணி இருக்காது, சாம்பல்தான்.”

அண்ணாச்சி முழக்கோலை ஓங்கினார். “எரிலே, எரி. பொங்கலுக்குத் துணி கிடைக்காம நீதான் கோமணத்தோட டிக்கெட் கிழிப்ப.”

மூவரும் சிரித்தோம். மறுநாள் அண்ணாச்சி கடையைத் திறந்தார். யாரோ எறிந்த கல்லில் கண்ணாடி அலமாரி நொறுங்கியது. எறிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. முந்தின நாள் பேச்சைத் தெருவில் கேட்டவர்கள் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார், அந்தப் பேச்சின்போது நானும் இருந்தேன் என்று என்னையும் கடைக்கு அழைத்தார்.

“அவன் எப்பவும் அப்படித்தான்யா பேசுவான். விளையாட்டு. நானும்தான் திருப்பிப் பேசினேன்” என்றார் அண்ணாச்சி.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். “விளையாட்டுன்றாரு. நீங்க சட்டம் படிச்சவர். என்ன நினைக்கிறீங்க?”

அவன் என்னைத் தினமும் மிரட்டுகிறவன், அதுதான் அவன் பிரியம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் புதுச் சட்டத்தை அறிந்தவன் என்று காட்டிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருந்தது. என் சீனியரைப் போல் சற்று யோசித்துவிட்டுச் சொன்னேன்:

“விளையாட்டாகவும் இருக்கலாம். மிரட்டலுக்குப் பயந்தவர்களும் இப்படித்தான் சொல்வார்கள்.”

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அவர் சொன்ன எதையும் இன்ஸ்பெக்டர் காதில் வாங்கவில்லை. அன்று மாலையே அவனைப் பிடித்துப் போனார்கள். பிறகு வேலூர் சிறைக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வழக்கு நடந்தால் கூண்டில் ஏறித் திருத்திச் சொல்லலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வழக்கே கிடையாது, அதுதான் அந்தச் சட்டம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? சீனியரிடம் உண்மையைச் சொல்லி உதவி கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது, போகவில்லை.

பல மாதம் கழித்து வெளியே வந்தான். டிராம் வேலை போய்விட்டது. லஸ் முனையில் ஒரு சோடாக் கடையில் வேலைக்கு நின்றான். இளைத்திருந்தான். நான் போய் நின்றதும் துண்டால் பெஞ்சைத் துடைத்தான்.

“வாங்க சார். உக்காருங்க. வெயில்ல வந்துருக்கீங்க.”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“இன்ஸ்பெக்டர்கிட்ட அப்படிச் சொன்னது நான்தான்” என்றேன்.

“தெரியும் சார். அண்ணாச்சி சொன்னாரு. சோடா சாப்புடுறீங்களா?”

குடித்தேன். அதற்குள் அந்தப் பழைய கீரைக்காரி வந்து, “இன்னா நைனா, எளைச்சுட்டே” என்றாள். அவளுக்கும் மரியாதையாகவே பதில் சொன்னான். நான் எழுந்தபோது டிராம் ஒன்று முனையில் கிறீச்சிட்டுத் திரும்பியது. நிற்கும்வரை நான் காத்திருக்கவில்லை. அவன் பார்க்கிறான் என்று தெரிந்தே ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினேன். கால் ஒருமுறை வழுக்கியது. சமாளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தான்.

“பார்த்துப் போங்க சார்” என்றான்.